மூத்தாளுக்கு வைக்காத ஸ்நோ

புட்டியின் மூடியைத் திருகித் திறந்த அமிர்தவல்லி, உள்ளே பார்த்தபடியே நின்றுவிட்டாள். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்த, முகத்தில் பூசுகிற ஸ்நோவின் நடுவில் ஒரு விரல் குழி. முந்தின நாள் அவள் ஓரத்திலிருந்துதான் எடுத்தாள். சுண்டுவிரல் நுனியில் கண்ணுக்கு மை எடுக்கிற அளவுக்குத் தொட்டு எடுத்து, எடுத்த தடம் தெரியாமல் மேலே நீவிவிட்டு மூடி வைத்தாள். இந்தக் குழியோ ஆழமாக, தாராளமாக, முதல் கணு வரைக்கும் விரலை விட்டு அள்ளியது. சொந்தக்காரி அள்ளுகிற மாதிரி.

எலியாக இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எலி திருகுமூடியைத் திறந்து, தின்று, திரும்ப இறுக்கித் திருகி வைத்துவிட்டுப் போகுமா என்று அவளே கேட்டும்கொண்டாள். வீட்டில் இருப்பது அவளும் புருஷன் ரெங்கசாமியும்தான். அவன் கடலை வியாபாரி. விடிந்ததும் கறம்பக்குடிக் கடைத்தெருவுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். அடுத்த வீட்டில் அவனுடைய அக்காள் மருதாயி இருக்கிறாள். அவள் வருவாள், போவாள், பானையைத் திறந்து பார்ப்பாள், குறை சொல்வாள். ஆனால் அரிசிக் குதிருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிற அளவுக்கு அவளுக்கு முதுகு வளையாது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்னவனுக்கு மங்கு விழுந்திருக்காது. முப்பதைத் தாண்டியதும் அமிர்தவல்லிக்கு இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் கருப்பாகப் படர்ந்துவிட்டது. போதாததற்குத் தாடையோரம் குமரிப்பெண்ணுக்கு வருவது போலப் பருக்கள் வேறு. ஒன்று அமுங்கினால் இரண்டு கிளம்பும். ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் போட்டாள். கருஞ்சீரகத்தை அரைத்துப் போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று கழுதைப்பால் கூட வாங்கிப் பூசினாள். மங்கு அசையவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. “மூதேவி வந்து மொகத்துல குந்திக்கிட்டா, வயித்துல எப்புடி சீதேவி தங்குவா?” என்று மருதாயி குழம்பு கேட்டு வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போனாள். குழம்பையும் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

ரெங்கசாமி வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அறந்தாங்கியில் ஒரு பெண் இருக்கிறது, மாசி பிறந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டது மட்டும் அமிர்தவல்லியின் காதில் விழுந்தது. அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். ரகசியமாகப் பேச வேண்டும் என்று கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. புதுப்பெண் வந்தால் அவள் என்ன ஆவாள்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், வந்தவளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கவும் ஒரு ஆள். பிறந்த வீட்டிலும் இப்போது கதவைத் திறந்துவிட ஆள் கிடையாது.

‘இளையாளே வாடி மலையாளம் போவோம், மூத்தாளே வாடி முட்டிக்கொண்டு சாவோம்’ என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. இந்த வீட்டில் அது தலைகீழ். அமிர்தவல்லி இளையாள். மூத்தாள் மீனம்மாள் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு கட்டிக்கொண்டு வந்தவள். தாலி கட்டிய அன்றைக்கே மருதாயி ஒரு குண்டுமணியளவு பொன் பொட்டை அந்தத் தாலிக்கயிற்றில் கோத்துவிட்டாள். “இதுதான் மூத்தவ. ஒங் கழுத்துல அவளும் இருக்கா. மறந்துராத” என்றாள். உள்வீட்டு அறையில் ஓர் ஓலைப்பெட்டி; அதற்குள் மீனம்மாளுக்கென்று வைத்த சேலை. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் அந்தப் பெட்டிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ‘நீ தொட்டுக் குடு தாயே’ என்று கேட்டு எடுத்துத்தான் அமிர்தவல்லி தொட வேண்டும். தீபாவளிச் சேலை, சித்திரையில் முதல் மாங்காய், ஒரு முழம் பூ, எல்லாமே அவள் தொட்டது போக இவளுக்கு. செத்த மாடு குடம் பால் கறக்கும் என்பார்கள். மீனம்மாள் அந்த வீட்டில் அண்டா அண்டாவாகக் கறந்துகொண்டிருந்தாள். எப்படிச் சமைப்பாள், எப்படிச் சிரிப்பாள், மஞ்சள் பூசி வந்து நின்றால் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு அமிர்தவல்லிக்குக் காது புளித்துவிட்டது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பிடிக்காமலே விட்டுவிட்டார்கள். அதனால் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. படம் பிடிக்காமலேயே ஆயுசு குறைந்துதான் போயிற்று.

ஸ்நோவைக் கொண்டு வந்தவள் மீமிசலிலிருந்து கருவாடு சுமந்து வரும் செபமாலை. பினாங்கிலிருந்து கப்பலில் திரும்புகிறவர்கள் கொண்டு வரும் சாமான்களைக் கருவாட்டுக் கூடைக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்து, வேண்டிய பெண்களுக்கு மட்டும் காட்டுவாள். வெள்ளைப் பீங்கான் புட்டி, மூடியில் ஒரு சீமைப் பெண்ணின் முகம். திறந்தபோது தாழம்பூ வாசனையும் அதற்கு அடியில் நெத்திலி வாசனையும் வந்தன.

“ரெங்கூன், பினாங்குல ராணி கணக்கா இருக்குற பொம்பளையெல்லாம் இதான் பூசுறாங்கக்கா. மங்கு, பரு, எல்லாம் உரிச்சு எடுத்தாப்ல போயிரும். ஆனா இதப் பூசுற வரைக்கும் மஞ்சளக் கிட்ட கொண்டாரக் கூடாது” என்றாள் செபமாலை. விலை சொன்னபோது அமிர்தவல்லிக்கு மூச்சு நின்றது. பிறகு மூக்கைத் தொட்டாள். அம்மா போட்டுவிட்ட சிவப்புக்கல் மூக்குத்தி. கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

மூக்குத்தி இல்லாத மூக்கை ரெங்கசாமி ஒரு வாரம் பார்த்துக்கொண்டே சோறு தின்றான். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தால்தானே கேட்பதற்கு.

அந்தப் புட்டியை அவள் பெட்டிக்கு முன்னால் வைக்கவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு உள்வீட்டு வாசல்படி வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். வயிறு எரிந்தது. ‘இதையுமா உனக்கு? மங்கு எனக்குத்தானே விழுந்தது, உனக்கா விழுந்தது? என் அம்மா போட்ட மூக்குத்தி இது. உனக்குச் சொட்டுக் கூடக் கிடையாது, போ’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து குதிருக்குப் பின்னால் ஒளித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்த முதல் சாமான் அது.

இப்போது அதில்தான் இந்தக் குழி.

மறுநாள் பார்த்தபோது குழி இன்னும் பெரிதாகியிருந்தது. அதற்கு மறுநாள் இடத்தை மாற்றி, உப்புப் பானைக்குள் துணியைச் சுற்றி வைத்தாள். அங்கேயும் குறைந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மங்கு விட ஆரம்பித்தது. முதலில் மூக்குத் தண்டில் கருமை தளர்ந்தது, பிறகு கன்னத்தின் ஓரங்கள் வெளுத்தன, தாடையோரத்துப் பருக்கள் அமுங்கித் தடம் தெரியாமல் போயின. கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். குழியாவது மண்ணாவது, யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளட்டும் என்று கூட நினைத்தாள்.

மத்தியான வேளையில் தெரு அடங்கி, காக்கை கூடக் கத்தாமல் வெயில் முற்றத்தில் வெள்ளையாக நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. கொல்லைப்புறக் கிணற்றடியில் மஞ்சள் உரசுகிற கல் இருக்கிறது. யாரோ அதில் நிதானமாக, அவசரமே இல்லாமல், தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கிழங்கை உரசுகிற சத்தம். சர்ர்க். சர்ர்க். அமிர்தவல்லி மஞ்சளைத் தொட்டே பல நாள் ஆகிறது. மருதாயியாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். மருதாயி விதவை, அவள் ஏன் மஞ்சள் உரசப் போகிறாள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. கிணற்றடியில் யாரும் இல்லை. கல் ஈரமாக இருந்தது. பச்சை மஞ்சள் வாசனை, அப்போதுதான் குளித்துவிட்டு ஒரு பெண் கடந்து போனால் வருகிற வாசனை, கொல்லையிலிருந்து அடுப்படி வழியாக உள்வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ரெங்கசாமி வீட்டுக்குள் வந்தவன், செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல” என்றான். குரல் குழைந்திருந்தது. “சாப்புட்டியா?”

சாப்பிட்டாயா என்று அவன் கேட்டு அவளுக்கு நினைவில்லை. மறுநாள் மருக்கொழுந்து வாங்கி வந்தான். அவளுக்கு மருக்கொழுந்து வாசனை ஒத்துக்கொள்ளாது, தலைவலி வரும். ஆனாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கிடைக்கிற கஞ்சியில் உப்பு இல்லை என்று சொல்கிற நிலையிலா அவள் இருந்தாள்? அதற்கும் அடுத்த நாள், கை கழுவிக்கொண்டே சொன்னான்: “அறந்தாங்கிக்கு ஆள் விட்டுச் சொல்லிட்டேன். பொண்ணு பாக்க வரலன்னு.”

ஜெயித்துவிட்டாள். அடுப்படியில் போய் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது கல் உரசுகிற சத்தம் கொல்லையில் கேட்கவில்லை. உள்வீட்டில் கேட்டது.

மருதாயி கொழுந்தன் மகன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தவள் அந்த வாரம்தான் திரும்பினாள். “அடியே, தயிர் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்தாள். முற்றத்து வெயிலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அமிர்தவல்லி திரும்பினாள். மருதாயியின் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. உருண்டது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“மீனா” என்றாள்.

“மதினி, நாந்தான்.”

மருதாயி கிட்டே வந்து, விரலால் அவள் கன்னத்தைத் தொட்டாள். புருவத்தைத் தொட்டாள். உதட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன மச்சத்தைத் தொட்டாள். அமிர்தவல்லிக்கு உதட்டோரத்தில் மச்சம் கிடையாது.

கண்ணாடிக்கு ஓடினாள். இத்தனை நாளும் மங்கு போனதைப் பார்த்தாளே தவிர, மங்கு போன இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். மூக்கு இத்தனை கூராக இருந்ததா? கண்ணின் வால் இப்படி மேலே ஏறியா இருந்தது? வழுவழுப்பான, மஞ்சள் மினுங்குகிற, யாரும் திரும்பிப் பார்க்கிற முகம். அவள் அழத் தயாரானாள். கண்ணாடியில் இருந்த முகம் கொஞ்சம் தாமதமாகத்தான் அழ ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் மருதாயியிடம் சொல்லிவிட்டாள். ஸ்நோ, மூக்குத்தி, வாசல்படியில் நின்று நினைத்த நினைப்பு, எல்லாம். மருதாயி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்வீட்டுக்குப் போய் ஓலைப்பெட்டியைத் திறந்தார்கள். தீபாவளிக்கு வைத்த புதுச்சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. வெளுத்த சந்தன நிறச் சேலை. அதன் மேல்மடிப்பில் கருப்பாகக் கறை படர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் அகலமாக, நடுவில் ஒடுங்கி. அமிர்தவல்லி அந்த வடிவத்தை நன்றாக அறிவாள். தினமும் கண்ணாடியில் பார்த்த வடிவம்தான். தொட்டாள். துணி கதகதவென்று இருந்தது.

“அவளுக்கு வைக்காமத் தொட்டுட்ட” என்றாள் மருதாயி. “அவ பங்கை அவளே எடுத்துக்கிட்டா. வெள்ளிக்கெழமை படையல் போட்டு அந்தப் புட்டியவும் வச்சு, விழுந்து கும்புட்டு மன்னிப்புக் கேளு. வேற வழி தெரியல.”

“கேட்டா என் மூஞ்சி வந்துருமா மதினி?”

மருதாயி அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதற்கும் மேலே ஒரு ஆசையும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகத்தைத்தான்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அமிர்தவல்லி ஸ்நோவைத் தொடவில்லை. புட்டி தானே குறைந்துகொண்டு வந்தது. சாம்பலை அள்ளி முகத்தில் தேய்த்தாள். செங்கல் தூளால் தேய்த்தாள். மங்கே, வந்துவிடு என்று கெஞ்சினாள். எந்த மங்கைப் போகச் சொல்லி வாரா வாரம் கோயிலுக்கு நடந்தாளோ, அதை வரச் சொல்லிக் கெஞ்சினாள். தோல் சிவக்கக் கூட இல்லை. ரெங்கசாமி சீக்கிரமே வீட்டுக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் பேசினால் அவன் முகம் சுருங்கியது. பேசாமல் இருந்தால் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். உள்வீட்டில் தலைவாழை இலை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, அவித்த முட்டை. ஆவி பறந்தது. இலைக்கு முன்னால் புட்டி. அதற்குப் பின்னால் பெட்டி, திறந்தபடி. அந்த வழக்கத்தில் ஒரு விதி உண்டு. படையல் போட்டுக் கும்பிட்டதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் நாம் பார்க்கச் சாப்பிட மாட்டார்கள்.

ரெங்கசாமியும் மருதாயியும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். “நீயும் கும்புட்டுட்டு வா” என்றாள் மருதாயி.

அமிர்தவல்லி விழுந்தாள். நெற்றி தரையில் பட்டது. சாணம் மெழுகிய தரை சில்லென்று இருந்தது. ‘தாயே, தெரியாமச் செய்யல. தெரிஞ்சுதான் செஞ்சேன். மன்னிச்சுரு. எம் மூஞ்சியக் குடுத்துரு. அசிங்கமா இருந்தாலும் அது எனக்கு வேணும்.’

மஞ்சள் வாசனை. தலைக்கு மேலே.

பிறகு மெட்டிச் சத்தம். தன் பக்கத்திலிருந்தே எழுந்தது. வாசலை நோக்கி நடந்தது. அமிர்தவல்லியின் நடைதான். இடது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை.

கதவு சாத்தியது.

நிமிர்ந்தாள். இருட்டு. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆனாலும் இருட்டு. உடம்பில் புதுச்சேலையின் கஞ்சி மொடமொடப்பு. மடிப்புக் கலையாத சேலை. அவள் கட்டி வந்த நீலச் சேலை இல்லை. கன்னத்தைத் தொட்டாள். சொரசொரப்பு. தாடையோரம் பருக்கள். வந்துவிட்டது. அவள் முகம் வந்துவிட்டது.

கதவுக்கு ஓடினாள். ஓங்கித் தட்டினாள். சத்தம் வரவில்லை.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். வெளியே அரிக்கேன் விளக்கு வெளிச்சம். ரெங்கசாமி பாயில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நீலச் சேலை கட்டிய பெண் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் அவள் கன்னம் மினுங்கியது. உதட்டோரத்தில் மச்சம். மருதாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி பூரா மங்கு. ஆனா மனசுல ஒரு கறை கெடையாது” என்றாள் மருதாயி. “நல்ல மனுசி. இருந்த வரைக்கும் வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னமா நாம?”

“பாவம்க்கா, எம் அமிர்தம்” என்றான் ரெங்கசாமி. அவள் பெயரை அவ்வளவு பிரியமாக அவன் சொன்னதே இல்லை.

“என்னங்க! நான் உள்ளதான் இருக்கேங்க!”

வெற்றிலை மடிக்கிற கை நிற்கவில்லை. அந்தப் பெண் மட்டும் கதவைப் பார்த்தாள். நேராக இடுக்கைப் பார்த்தாள்.

“கதவத் தொறக்கவா?” என்று கேட்டாள். அமிர்தவல்லியின் குரலில்.

“அவசரப்படாத மீனா” என்றான் ரெங்கசாமி. “மூத்தவ வயிறாரச் சாப்புடட்டும்.”

பசித்தது. அப்படி ஒரு பசி. திரும்பினாள். இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று நினைத்தாள். கை போய்விட்டது. சோற்றை அள்ளினாள். வாயில் போட்டாள். இலையில் சோறு குறையவில்லை. மறுபடி அள்ளினாள். குறையவில்லை. மறுபடி அள்ளினாள்.